ஐந்தாவது கழுவல்

1. ஸ்பீக்கரில் வந்த சொல்

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட திறமை இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. உங்க ஊர் அழுக்கு. அவ்வளவுதான்."

போன் பிரின்சிபாலின் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. பேசியவர் வரதன் சார். சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தின் பேராசிரியர். கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் கூட்டுத் திட்டத்தின் தலைவர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்: பிரின்சிபால், நான், ராசாத்தி. ராசாத்தி வேலைக்கு நடுவிலிருந்து ஓடிவந்தவள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. நீலக் கைகள் இரண்டையும் யாருடைய பொருளையோ பிடித்திருப்பது போல முன்னால் தூக்கியபடி கதவோரம் நின்றாள்.

"ரோடு முழுக்க கரும்பு டிராக்டர். தூசி. கரண்ட் நிக்காது. மழைன்னா ஈரம், வெயில்னா புழுதி. அங்க உக்காந்து நானோ துகள் பண்ணி, அதைப் பூசி, லைட் எரிய வைக்கிறது நடக்கிற காரியமா? வர்ற வெள்ளிக்கிழமை டெம்போ அனுப்புறேன். ஸ்பின் கோட்டர், க்ளவ் பாக்ஸ், எவாப்பரேட்டர் மூணையும் ரெடியா வையுங்க. இங்க கொண்டுவந்து நாங்க பண்ணிக்கிறோம்."

"ராசாத்தி?" என்றேன்.

"அந்தப் பொண்ணு வேணும்னா இங்க வரட்டுமே."

அந்தப் பொண்ணுக்கு வயது முப்பத்தாறு. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் வீடு, மாமியார், இரண்டு பிள்ளைகள், கொஞ்சம் மரவள்ளி. இயற்பியல் படித்தவள். சுழற்றிப் பூசவும், காற்றுப் படாமல் வேலை செய்யவும், அலுமினியம் ஏற்றவும் உதவுகிற அந்த மூன்று கருவிகளையும் எங்கள் கல்லூரியில் முழுதாக ஓட்டத் தெரிந்த ஒரே ஆள். கருவிகள் போனால் அவளுடைய வேலையும் போகும். அந்தப் பதவியை அந்தக் கருவிகள் நிற்கிற பெஞ்சோடு சேர்த்துத்தான் கொடுத்திருந்தார்கள்.

அவள் போனை நோக்கிக் குனிந்தாள். "நான் எதுக்கு சார் அங்க வரணும்? சாமான் இங்க இருக்குது, நான் இங்க இருக்கிறேன். நீங்கதான் அங்க இருக்கிறீங்க."

பிரின்சிபால் உதட்டில் விரலை வைத்தார். நல்ல மனிதர், சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார்.

நான் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை டெம்போ கூட நீங்களும் வாங்க சார். உங்க கண்ணு முன்னாடி ஒரு டிவைஸ் ஓட்டிக் காட்டுறோம். எரியலைன்னா நானே ஒரு கை குடுத்து ஏத்திவிடறேன்."

"போன மாசம் அனுப்பினது பத்து நிமிஷம்கூட நிக்கலியே மேடம்."

"எவ்வளவு நேரம் நிக்கணும், நீங்களே சொல்லுங்க."

"ஒரு மணி நேரம். நின்னு எரியட்டும், பெஞ்ச் அங்கயே இருக்கட்டும்." சிரித்தார். "எரியாது மேடம்."

போனை வைத்துவிட்டார். அழுக்கு. நான்கு எழுத்து, அதில் ஓர் ஒற்று. எவ்வளவு சுலபமாக ஒருவர் வாயிலிருந்து விழுந்து இன்னொருவர் மேல் ஒட்டிக்கொள்கிறது!

"மேடம், பெரிய இடம். கம்முனு இருந்துடலாமே," என்றார் பிரின்சிபால்.

"இருக்கலாம் சார். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இருக்கலாம்," என்றேன்.

2. இது என்ன வேலை

லேபுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜிங்க் ஆக்சைடு அதிசயப் பொருள் அல்ல. வியர்க்குருவுக்குப் போடும் பவுடரில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என் அத்தா, அதாவது அப்பா, பெயிண்ட் கடை வைத்திருந்தார். அங்கே அது வெள்ளைப் பூச்சாக டின்னுக்குள் இருந்தது. அதையே, ஒரு தலைமுடியின் அகலத்தில் பல்லாயிரம் வரிசையாக நிற்கும் அளவுக்குப் பொடியாக்கினால் நானோ துகள். பொடியாக்கினால் என்று சொல்வது தவறு. இடித்தும் அரைத்தும் அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாது. கரைசலுக்குள் பிறக்க வைக்க வேண்டும்.

ஜிங்க் அசிடேட்டைக் கரைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒன்றுமே நடக்காதது போலக் கரைசல் தெளிவாக நிற்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால்தான் தெரியும். தண்ணீர் போலிருந்தது பச்சையும் மஞ்சளும் கலந்து ஒளிரும். எத்தனையோ முறை பார்த்தாயிற்று. இன்றும் அந்த நொடியில் யாராவது என்னிடம் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு எத்தில் அசிடேட் ஊற்றினால் துகள்கள் வெள்ளையாகத் திரளும். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை எத்தனாலில் கரைத்துக்கொள்வோம். மறுபடியும் எத்தில் அசிடேட் ஊற்றித் திரட்டி, சுழற்றி, எத்தனாலில் கரைத்தால் அது ஒரு கழுவல். லேபில் வாஷ் என்போம். மிச்சமிருக்கிற காரமும் உப்பும் போவதற்காகச் செய்வது.

விளக்கு, அதாவது டிவைஸ், என்பது எங்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் அடுக்கடுக்காகப் பூச்சு. நடுவில் நிறம் கொடுக்கும் துகள்கள், குவாண்டம் டாட். உச்சியில் அலுமினியம். அலுமினியத்திலிருந்து எலக்ட்ரான் இறங்கி டாட்டுக்குள் போக வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து நேர் மின்சுமை ஏறிவர வேண்டும். இரண்டும் டாட்டுக்குள் கை கோத்தால் ஒளி. எலக்ட்ரான் இறங்குகிற அந்தப் பாதைதான் ஜிங்க் ஆக்சைடு. அது வழவழவென்று சமமாக இருக்க வேண்டும். கட்டி தட்டியிருந்தால் மின்சாரம் குறுக்கே புகுந்து ஓடும். கண்ணாடி சுடும், கறுப்புப் புள்ளி விழும், ஒளி அணையும்.

நான் வேதியியல், துகள் என் பொறுப்பு. ராசாத்தி இயற்பியல், பூச்சும் விளக்கும் அவள் பொறுப்பு. நான் செய்து கொடுப்பதை அவள் எரிய வைப்பாள். எரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம்.

3. கழுவத் தொடங்கியது

முதல் டிவைஸ்களைப் போட்டது ஐப்பசி மழையில். கறுப்புப் புள்ளி விழுந்தது உண்மை. வரதன் சார் படத்தைப் பார்த்துவிட்டு, "கன்டாமினேஷன்" என்றார். அழுக்குக்கு இங்கிலீஷ் பெயர். அவர் சொன்னதில் அன்றைக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மழை நாளில் மூடியைத் திறந்து திறந்து எடுத்ததில் எத்தனால் ஈரம் குடித்திருந்தது. ஈரத்தை உறிஞ்சுகிற மணிகளைப் போட்டு எத்தனாலை உலர்த்தினேன். சின்னச் சின்ன பாட்டில்களாகப் பிரித்து வைத்தேன். புள்ளிகள் குறைந்தன. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். எந்த ஊரில் திறந்து வைத்தாலும் எத்தனால் ஈரம் குடிக்கும். சென்னையிலும் குடிக்கும், அங்கே கடலே பக்கத்தில் இருக்கிறது.

ஆனால் ஈரம் போனபிறகும் சொல் போகவில்லை.

"எதுக்கும் இன்னொரு வாஷ் குடுத்துடுங்க மேடம். உங்க கண்டிஷனுக்கு ரெண்டு பத்தாது," என்றார் ஒரு வாரம். அடுத்த மாதம், "நாலு." அதற்கடுத்து, "அஞ்சு போடுங்களேன். உங்க ஊருக்கு அஞ்சு வேணும்."

நாங்கள் கழுவினோம். துகளை மட்டுமா? தரையை, சன்னலை, மேசைக் காலை. சன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தோம். ஷூ கவர் வாங்கச் சொன்னார்கள், வாங்கினோம். ராசாத்தி அதை மாட்டிக்கொண்டு தரையில் சறுக்கிச் சறுக்கி நடந்தாள். "எங்க ஊருல வாசப்படி தாண்டுனா செருப்ப கழட்டிட்டுதான் உள்ள போவோம். இவங்க இன்னாடான்னா செருப்புக்கு மேல சட்ட போட்டுக்கினு உள்ள வராங்க. கேட்டா நம்மள அழுக்குன்றாங்க."

சிரித்தோம். சிரித்துக்கொண்டே கழுவினோம். மூன்றாவது வாஷில் மங்கலான ஒளி. நான்காவதில் திட்டுத் திட்டாக. ஐந்தாவதில், போட்டதும் ஒரு மினுக்கு, பிறகு சூடு, பிறகு இருட்டு. ஒவ்வொரு தோல்விக்கும் நாங்கள் கண்டுபிடித்த மருந்து இன்னும் ஒரு கழுவல். வேறு எந்த லேபிலும் இந்தத் தவறு நடந்திருக்காது என்று நினைக்கிறேன். விளக்கு அணைந்தால் மற்றவர்கள் கணக்கைப் பார்ப்பார்கள், கருவியைப் பார்ப்பார்கள். நாங்கள் எங்கள் கைகளைப் பார்த்தோம்.

4. கரைய மாட்டேன் என்றது

வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. காலையிலேயே ராசாத்தி கச்சிராயபாளையம் வழி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். நான்காவது கழுவல் முடிந்த குழாயைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அடியில் படிந்த வெள்ளை அசையவில்லை.

"சோனிகேட்டர்ல போடு," என்றேன். ஒலி அதிர்வால் கட்டியை உடைக்கிற தொட்டி அது.

"போட்டுட்டேன் மேடம். ரெண்டு தடவ போட்டுட்டேன். கல்லு மாதிரி உக்காந்துக்கினு இருக்குது."

"இன்னொரு தடவ போடு."

அவள் போடவில்லை. குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "மொத தடவ கழுவும்போது இது எப்படி இருந்துச்சி? எத்தனால் பட்டதும் ஜவ்வரிசி கஞ்சி மாதிரி நெகிழ்ந்து ஓடிச்சி. கைய ஆட்டக்கூட வேணாம். ரெண்டாவதுல கொஞ்சம் மொரண்டு. மூணாவதுல சோனிகேட்டர். இப்ப சோனிகேட்டருக்கும் பெப்பே காட்டுது. கழுவக் கழுவ சுத்தமாவுதுன்னா கழுவக் கழுவ இல்ல சுளுவா கரையணும்? இது ஏன் கரைய மாட்டேன்னு அடம் புடிக்குது?"

"அடுத்த வாஷ்ல சரியாயிடும்."

"நூரக்கா."

லேபில் என்னை மேடம் என்பாள். அக்கா என்றால் கோபம் என்று அர்த்தம்.

"நான் காலேஜ் ஹாஸ்டல்ல சேந்த அன்னைக்கு மலையிலேர்ந்து வந்த நாலு பேர மட்டும் தனியா நிக்க வச்சாங்க. போயி தலைக்கு ஊத்திக்கினு வாங்கடின்னாங்க. ஊத்திக்கினு வந்தோம். மோந்து பாத்துட்டு, இன்னொரு தடவன்னாங்க. காலைல வூட்ல குளிச்சிட்டுதான் கெளம்புனேன். அதோட சேத்து மூணு. தலை ஈரத்தோட தட்ட தூக்கிக்கினு சாப்பாட்டு வரிசையில நின்னேன். குளிர்ல பல்லு தந்தியடிக்குது. அப்போகூட முன்னாடி நின்ன பொண்ணு மூக்க பொத்திக்கினா. தண்ணில போற அழுக்கா அது? அவங்க கண்ணுல இருக்கறதுக்கு நான் ஏன்க்கா குளிக்கணும்?"

குழாயை ஸ்டாண்டில் வைத்தாள். வைத்த விதத்தில் சின்னச் சத்தம் வந்தது.

"அஞ்சாவது நான் கழுவ மாட்டேன். நீங்களும் கழுவக் கூடாது."

எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. தொழுகைக்கு முன் ஒளு செய்கிற குடும்பம் எங்களுடையது. கையை, வாயை, முகத்தை, காலைக் கழுவுவோம். சிறுமியாக நான் குழாயடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே நிற்கும்போது அத்தா கையைப் பிடித்து நிறுத்துவார். "மூணு தடவ போதும். அதுக்கு மேல ஜாஸ்தி ஊத்தினா அது சுத்தம் இல்ல, வீண்." கழுவுவதற்கு ஓர் எல்லை உண்டு என்று எனக்கு யாரும் லேபில் கற்றுத்தர வேண்டியதில்லை. தெரிந்த விஷயத்தைத்தான் வீட்டு வாசலில் விட்டுவிட்டு லேபுக்குள் வந்திருக்கிறேன்.

வேதியியலும் தெரிந்ததுதான். ஜிங்க் அசிடேட்டிலிருந்து பிறக்கிற ஒவ்வொரு துகளும் அசிடேட்டைத் தன் உடம்பைச் சுற்றி உடுத்திக்கொண்டு பிறக்கிறது. அந்த உடுப்புதான் ஒரு துகளை இன்னொரு துகளோடு ஒட்டாமல் விலக்கி வைக்கிறது, எத்தனாலில் மிதக்க வைக்கிறது. ஒரு கழுவலில் வேண்டாத காரமும் உப்பும் பெரும்பாலும் போய்விடும். அதற்குமேல் கழுவினால் உரிவது அழுக்கல்ல, உடுப்பு. அம்மணமான துகள்கள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும். கட்டி தட்டும். கரையாது. பூசினால் மேடு பள்ளம். மின்சாரம் குறுக்கே பாயும்.

பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எங்கள் துகளுக்கு மட்டும் அது பொருந்தாது என்று எப்படி நம்பினேன்? எங்கள் துகள் அழுக்கு என்று முதலில் நம்பியதால்.

"லேசர் பாயின்ட்டர எடு," என்றேன்.

வகுப்பில் பலகையைச் சுட்டிக்காட்டும் சிவப்பு லேசர்தான். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் கொஞ்சம் எடுத்துத் தனிக் குப்பியில் வைப்பது ராசாத்தியின் பழக்கம். நான்கு குப்பிகளையும் வரிசையாக நிறுத்தி லேசரை அடித்தாள். முதல் குப்பியில் ஒளி உள்ளே போனதும் தெரியவில்லை, வெளியே வந்ததும் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் மட்டும் ஒரு பொட்டு. இரண்டாவதில் மெல்லிய இழை. மூன்றாவதில் சிவப்புக் கோடு. நான்காவதில் பொட்டே இல்லை. குப்பி முழுக்க ரத்தம் கலந்த பால் போலச் சிவந்து கலங்கி நின்றது. அவ்வளவு கட்டி.

அவள் விசில் அடித்தாள். "நம்ம கையால நாமளே கெடுத்துக்கினு இருந்திருக்கோம்."

"மொத குப்பிய பூசு," என்றேன். பிறகு பயம் வந்தது. "ஒரே ஒரு வாஷ்னா சார் கேப்பாரு, ராசாத்தி. எரியாம போச்சின்னா, அஞ்சு சொன்னேன், ஒண்ணோட நிறுத்திட்டாங்க, சோம்பேறிங்கன்னு சொல்லுவாரு."

"சொல்லட்டும். அழுக்கு, சோம்பேறி. ரெண்டும் ஒரே கட்சிதான்."

மறுநாள் முழுக்க அவள் பெஞ்சிலேயே இருந்தாள். முதல் குப்பியை வடிகட்டியில் தள்ளினாள். முந்தைய மாதங்களில் அடைத்துக்கொண்டு விரலை வலிக்க வைத்த வடிகட்டி, இம்முறை எண்ணெய் போல விட்டது. ஸ்பின் கோட்டரில் கண்ணாடி சுழன்றது. நடுவில் ஒரு சொட்டு விழுந்து, விரிந்து, காணாமல் போனது. பூச்சு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பூச்சு. அதுதான் நல்ல பூச்சு. அலுமினியம் ஏற்றி, மேலே ஒரு கண்ணாடி மூடி வைத்து ஒட்டினாள். எரிய வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வேணாம். மொதல்ல அவரு பாக்கட்டும். எரிஞ்சாலும் அணைஞ்சாலும் மறைச்சி வச்சிப் பாத்தோம்னு பேரு வரக்கூடாது."

அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. அவளிடம் இருந்தது.

5. டெம்போ வந்த நாள்

டெம்போ முதலில் வந்தது. டிரைவர் இறங்கி கயிறு, சாக்கு, தெர்மோகோல் எல்லாவற்றையும் வராந்தாவில் போட்டார். "இன்னா மேடம், எப்போ ஏத்தறது? சாயந்தரத்துக்குள்ள திண்டிவனம் தாண்டிரணும்."

"டீ சாப்ட்டு வாங்கண்ணா. ஒரு மணி நேரம் ஆவும்," என்றாள் ராசாத்தி.

வரதன் சாரின் கார் அடுத்து வந்தது. பிரின்சிபால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். சார் உள்ளே வந்து, ஷூ கவர் எங்கே என்று கேட்டார். கொடுத்தோம். அவர் மாட்டிக்கொள்ளும் வரை ராசாத்தி வெறுங்காலுடன் காத்திருந்தாள்.

கண்ணாடித் துண்டில் நான்கு சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு விளக்கு. கிளிப்பை மாட்டி மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றினாள். ஒன்று. ஒன்றரை. இரண்டைத் தொடும்போது நான்கு கட்டங்களும் சிவந்தன. மாதுளை முத்தைப் பிளந்து வைத்த சிவப்பு. புள்ளி இல்லை, திட்டு இல்லை.

சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கால் மணி நேரம் போயிருக்கும், ஓரக் கட்டம் ஒன்று படபடத்து அணைந்தது.

"பாத்தீங்களா," என்றார் சார். "ஒண்ணு போச்சு."

"மூணு இருக்குது சார்," என்றாள் ராசாத்தி. "உங்க கார்ல ஒரு பக்கம் ஹெட்லைட் உடைஞ்சி கெடக்குது, வரும்போது பாத்தேன். அதுக்காக கார விட்டுட்டு பஸ்லயா போவப் போறீங்க?"

பிரின்சிபால் இருமினார். அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

மீதி மூன்றும் எரிந்தன. எரிந்துகொண்டே இருந்தன. டிரைவர் டீ குடித்துவிட்டு வந்து கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "இத்துனூண்டு லைட்டா? இதுக்கா வண்டிய வரச் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டு அவரும் நின்று பார்த்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சிவப்பு அவருடைய மூக்குக் கண்ணாடியிலும் விழுந்திருந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. தாண்டியது. சார் குனிந்து அளவுகளைப் பார்த்தார். ஒளி குறையவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் உண்மையான ஆர்வம் இருந்தது. அவர் மோசமான விஞ்ஞானி அல்ல.

"என்ன மாத்தினீங்க? ஆறு வாஷா?"

"ஒண்ணு," என்றேன்.

"ஒண்ணா? நான் அஞ்சு சொன்னேனே மேடம்."

நான் வாயைத் திறக்குமுன் ராசாத்தி கேட்டாள். "சார், உங்க லேப்ல எத்தன வாஷ் போடுவீங்க?"

சாதாரணக் கேள்வி. இத்தனை மாதத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி.

"அது... பசங்க பண்றது. பாத்துதான் சொல்லணும்."

"கேட்டுச் சொல்லுங்க சார். நாங்க காத்திருக்கிறோம்."

அவர் தன் ஆராய்ச்சி மாணவருக்குப் போன் போட்டார். அந்த அமைதியில் மறுமுனைக் குரல் எல்லோருக்கும் கேட்டது. "ஒண்ணுதான் சார். எப்பவாவது ரெண்டு. அதுக்கு மேல போனா லைகண்ட் எல்லாம் போய் க்ளஸ்டர் ஆயிடும்ல சார், பெயின்ட் மாதிரி. ஏன் சார், அங்க யாராவது ஜாஸ்தி வாஷ் பண்ணிட்டாங்களா?"

கள்ளங்கபடம் இல்லாத பிள்ளைக் குரல். துகள் உடுத்தியிருக்கிற அசிடேட்டைத்தான் லைகண்ட் என்றும், கட்டி தட்டுவதை க்ளஸ்டர் என்றும் சொன்னான். நாங்கள் இத்தனை மாதம் தலையால் தண்ணீர் குடித்துத் தெரிந்துகொண்டதை அவர்கள் லேபில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களுக்குச் சொன்னது அஞ்சு.

சார் போனைச் சட்டைப்பையில் வைத்தார். "பாருங்க, ஒவ்வொரு லேபுக்கும் ஒரு கண்டிஷன் இருக்கும்..."

"உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு அஞ்சு. இதுதான் சார் அந்தக் கண்டிஷனா?" என்றேன். "ஜிங்க் ஆக்சைடுக்கு ஊர் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியுது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிவப்பாக எரிகிற மூன்று கட்டங்களைப் பார்த்தார். "சரி மேடம். இப்போதைக்கு பெஞ்ச் இங்கயே இருக்கட்டும்."

"இப்போதைக்குன்னு நீங்க போன்ல சொல்லல சார். நின்னு எரிஞ்சா இருக்கட்டும்னு சொன்னீங்க. நின்னு எரியுது."

"மேடம்..." என்று பிரின்சிபால் ஆரம்பித்தார். என்னைத்தான் அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சார் பக்கம் திரும்பினார். "டெம்போவ நான் கூப்பிடல சார். நீங்கதான் கூப்பிட்டீங்க. நீங்களே திருப்பி அனுப்பிடுங்க." சொல்லி முடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார்.

அழுக்கு என்ற சொல்லை வரதன் சார் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "டேட்டா அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு ஷூ கவரைக் கழற்றி குப்பைத்தொட்டியில் போட்டார். கார் போனது.

டிரைவர் மட்டும் வராந்தாவில் சாக்கைச் சுருட்டிக்கொண்டு நின்றார். "காலி வண்டியாவா போவச் சொல்றீங்க? வண்டிக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"காலியா வந்தீங்க, காலியா போங்கண்ணா," என்றாள் ராசாத்தி. "தெர்மோகோல மட்டும் குடுத்துட்டுப் போங்க, எங்க ஃப்ரிட்ஜுக்கு ஆவும்."

6. புதிதாக வருகிறவர்களுக்கு

ராசாத்தி இன்றும் அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறாள். டிராக்டர்கள் போகின்றன, தூசி எழுகிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது; பேட்டரி வைத்திருக்கிறோம். எல்லா டிவைஸும் எரிவதில்லை. எரியாதபோது எத்தனால், வடிகட்டி, வெப்பம், பூச்சின் வேகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எங்கள் கைகளைக் கடைசியாகப் பார்க்கிறோம்.

உங்களையும் யாராவது எங்காவது அழுக்கு என்பார்கள். ஊரைச் சொல்வார்கள், பேச்சைச் சொல்வார்கள், வந்த மலையைச் சொல்வார்கள். அழாதீர்கள். தண்ணீரைத் தேடி ஓடாதீர்கள். நீங்கள் எத்தனை முறை கழுவுகிறீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். உரக்க, நாலு பேர் முன்னால் கேளுங்கள். பதில் வரும் வரை அங்கேயே நில்லுங்கள்.

நாங்கள் ஒருமுறைதான் கழுவுகிறோம்.